கம்பி வழியே வரும் கேம்: கன்சோலை விற்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "இனிமேல் கன்சோலும் வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம். மாதச் சந்தா கட்டினால் போதும், இருக்கிற டிவியிலேயே எல்லா கேமும் ஓடும்" என்ற பேச்சு கடைவீதியிலும் கல்லூரி விடுதிகளிலும் பரவலாகக் கேட்கிறது. கேம் எங்கோ உள்ள கணினியில் ஓட, படம் மட்டும் இணையம் வழியே நம் வீட்டுக்கு வருவதைத்தான் கிளவுட் கேமிங் என்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தபின் இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. பிள்ளை கேட்கிறான் என்று மொத்தமாக ஐம்பதாயிரம் ரூபாய் புரட்டுவதா, மாதாமாதம் கட்டுவதா என்று குழம்பும் பெற்றோருக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன். பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவற்றுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் பேசுவது கன்சோலிலும் கம்ப்யூட்டரிலும் ஆடும் வீடியோ கேம்களைப் பற்றி மட்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையோடு நகரும் கேம்கள், நிதானமாக யோசித்து ஆடும் கேம்கள், ஒருவர் தனியாக ஆடும் கேம்கள் ஆகியவற்றுக்கு நல்ல பைபர் இணைப்பு உள்ள வீட்டில் கிளவுட் போதும். நேருக்கு நேர் சண்டை கேம், போட்டித் துப்பாக்கிச் சுடுதல், தாளத்துக்குத் தட்டும் கேம் ஆடுபவர்களுக்கு அது மாற்று ஆகாது. உங்கள் வீடு இதில் எந்தப் பக்கம் என்பதை இணைய நிறுவனம் விளம்பரம் செய்யும் 'எம்பிபிஎஸ்' (விநாடிக்கு எத்தனை மெகாபிட்) எண் சொல்லாது. பட்டனை அழுத்துவதற்கும் திரையில் படம் மாறுவதற்கும் இடையே ஆகும் தாமதத்தின் மில்லிவிநாடிக் கணக்குதான் சொல்லும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை, சந்தா விற்பவரும் சொல்வதில்லை.

கன்சோல் வீட்டில் இருந்தால், பட்டனை அழுத்தியதும் கன்ட்ரோலரிலிருந்து சிக்னல் நாலடி தள்ளியிருக்கும் பெட்டிக்குப் போகிறது. பெட்டி அடுத்த படத்தை வரைகிறது, டிவி காட்டுகிறது. விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி. கிளவுடிலோ அதே அழுத்தம் ரவுட்டர், மோடம், தெருமுனை பைபர் பெட்டி, இணைய நிறுவனத்தின் மையம் என்று தாண்டி, சேவையின் கணினிகள் இருக்கும் டேட்டா சென்டருக்குப் போக வேண்டும். அங்கே வரையப்படும் படம் உடனே வீடியோவாகச் சுருக்கப்பட்டு, வந்த வழியே திரும்பி வந்து, வீட்டு டிவியிலோ லேப்டாப்பிலோ மறுபடி விரிக்கப்பட வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், அதாவது மில்லிவிநாடிக்கு 200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, 1,400 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போக 7, வர 7. ஆக 14 மில்லிவிநாடி தூரத்துக்கே போய்விட்டது. எவ்வளவு வேகமான திட்டம் எடுத்தாலும் இது குறையாது. சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் வழியில் உள்ள ரவுட்டர்களுக்கும் ஆகும் நேரம் இதற்கு மேல். ஆகவே சந்தா கட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தச் சேவையின் டேட்டா சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்பதே. சென்னையில் இருந்தால் மதுரைக்காரருக்குப் போக்குவரத்துச் செலவு 5 மில்லிவிநாடிதான். சிங்கப்பூர் என்றால் கேபிளில் மட்டும் 30 போய்விடும்.

கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா, ஜிஃபோர்ஸ் நவ் என்ற தன் கிளவுட் கேம் சேவைக்குச் சொல்லும் அளவுகள் இந்தத் துறைக்கே பொதுவான அளவுகோலாக வைத்துக்கொள்ளத் தக்கவை. 720பி படத்துக்கு 15 எம்பிபிஎஸ், 1080பி படத்துக்கு 60 ஃபிரேமில் 25 எம்பிபிஎஸ், 4கே என்றால் 45. டேட்டா சென்டருக்குப் பிங், அதாவது ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம், 80 மில்லிவிநாடிக்குள் கட்டாயம் இருக்க வேண்டும், 40க்குள் இருந்தால் நல்லது. வேகத்தைப் பொறுத்தவரை நம் ஊர் 100 எம்பிபிஎஸ் பைபர் திட்டமே தாராளம். அப்படியிருந்தும் ஏன் திக்குகிறது?

"நெட்ஃபிளிக்ஸ் தடங்கலில்லாமல் ஓடுகிறதே, இது மட்டும் ஏன் ஓடவில்லை?" என்று கேட்காதவர் இல்லை. சினிமாவில் அடுத்து என்ன வரும் என்பது முடிவானது. அதனால் செயலி பல விநாடிப் படத்தை முன்கூட்டியே இறக்கிச் சேமித்து வைத்துவிடும். நடுவில் அரை விநாடி நெட் தடுமாறினாலும் நமக்குத் தெரியாது. கேமில் அடுத்த படம் நீங்கள் இன்னும் அழுத்தாத பட்டனைப் பொறுத்தது. முன்கூட்டியே இறக்கி வைக்க எதுவுமே இல்லை. இங்கே அரை விநாடி தடுமாற்றம் என்றால் 30 ஃபிரேம் போச்சு. எனவே சராசரி வேகத்தை விட, தாமதம் ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். 45 மில்லிவிநாடியில் அசையாமல் நிற்கும் இணைப்பில் ஆடிவிடலாம், கை அதற்குப் பழகிக்கொள்ளும். 20க்கும் 120க்கும் இடையே தாவும் இணைப்பில் ஆட முடியாது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம், காசு செலவில்லை. பகலில் செய்து பயனில்லை. தெருவே நெட்டில் இருக்கும் இரவு 8 மணி முதல் 10 மணிக்குள் செய்ய வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, முதலில் வீட்டு ரவுட்டரையே 100 முறை பிங் செய்யுங்கள். அதன் எண் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். கேபிளில் இணைத்திருந்தால் 1 மில்லிவிநாடியோ அதற்கும் குறைவாகவோ வரும். வைஃபையில் 2 முதல் 5 வரை வரலாம். இங்கேயே 60, 90, 150 என்று தாவினால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது, இணைய நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. உள்ளே சீராக இருந்தால் அதே 100 முறையை வெளி முகவரி ஒன்றுக்குச் செய்து பாருங்கள். சேவையின் செயலியிலேயே நெட்வொர்க் சோதனை இருந்தால் அதுவே மேல். சராசரியைப் பார்த்துத் திருப்திப்படாமல், அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நெட்டில் தகவல் போவது பாக்கெட் எனும் சிறு துண்டுகளாக. 100 பாக்கெட்டில் ஒன்றிரண்டு தொலைந்தாலே படத்தில் கட்டம் கட்டமாகக் கறை தெரியும்.

மூன்றாவது சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேறொரு போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை அப்லோட் செய்யுங்கள். அதுவரை 15 என்று நின்ற பிங் 200, 300 என்று ஏறினால், நோய் பிடிபட்டது என்று பொருள். அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளை மோடம் நீண்ட வரிசையில் நிறுத்தி வைக்கிறது, உங்கள் பட்டன் அழுத்தமும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. கிளவுடுக்குக் காட்சி அனுப்பும் சிசிடிவி கேமரா, இரவில் தானாகப் புகைப்படங்களை ஏற்றும் நாலு போன்கள், இவை இருக்கும் எந்த வீட்டிலும் இது நடக்கும். அதிக எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினாலும் இது முழுதாகத் தீராது. ரவுட்டரில் இந்த வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் 'எஸ்க்யூஎம்' என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோட் வரம்பை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்கு வைக்க வேண்டும். 40 எம்பிபிஎஸ் அப்லோட் கிடைத்தால் 35 என்று வையுங்கள். கொஞ்சம் வேகம் குறையும், ஆனால் வரிசை மோடத்தில் சேராது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றக்கூடிய ரவுட்டர்களில் இதைச் செய்யலாம். இணைய நிறுவனம் இலவசமாகத் தரும் ரவுட்டர்கள் பலவற்றில் இந்த வசதி இருக்காது. அப்படியானால் ஆடும் நேரத்தில் போன்களின் பேக்கப்பை நிறுத்தி வைப்பதே கைகண்ட வழி.

வைஃபை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பாதிப் புகார்கள் இங்கேதான் முடிகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அடுக்குமாடியில் இருபது வீட்டு ரவுட்டர்கள் இந்த மூன்றுக்கும் அடித்துக்கொள்ளும். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து, ஆடும் கருவியை அதில் மட்டும் இணையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு சுவர் தாண்டும், நம் ஊர்ச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டத் திணறும். எல்லாவற்றையும் விடச் சிறந்த வைத்தியம், மோடத்திலிருந்து டிவி வரை சுவரோரம் ஒரு கேட்-6 கேபிள் இழுத்துவிடுவது. 15 மீட்டர் கேபிளுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். கிளவுட் கேமிங்குக்காக வீட்டில் ஒரே ஒரு பொருள் வாங்க முடியுமென்றால் இதை வாங்குங்கள், புது கன்ட்ரோலர் பிறகு.

கேபிளும் போட்டு, ரவுட்டர் வரை பிங் சீராக இருந்தும் வெளியே பாக்கெட் தொலைந்தால், பைபர் கம்பியைப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் மடங்கியோ, மிச்ச கேபிளை இறுக்கிச் சுருட்டிக் கட்டியோ வைத்திருப்பார்கள். உள்ளங்கை அகலத்தை விடச் சிறிய வட்டமாகச் சுருட்டவே கூடாது, ஒளி வளைவில் கசிந்துவிடும். லைன்மேன் வரும்போது, வரும் ஒளியின் வலிமையைப் பவர் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த வலிமையின் அலகான டிபிஎம் கணக்கில் மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27ஐத் தொட்டால் இணைப்பு இருப்பது போலவே தெரியும், ஸ்பீடு டெஸ்ட்டும் நன்றாகவே காட்டும், ஆனால் இடையிடையே பாக்கெட் விழும். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் கோளாறு என்று நினைப்பது தவறு. சிவப்பு எரிகிறதென்றால் ஒளி அறவே வரவில்லை அல்லது போதவே இல்லை என்று பொருள்.

டிவியின் மீதும் பழி உண்டு. படத்தை மெருகேற்றுகிறேன் என்று பல டிவிகள் ஒவ்வொரு ஃபிரேமையும் பிடித்துவைத்துத் தாமதிக்கும். செட்டிங்கில் 'கேம் மோட்' போட்டு, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்தால் பல ஃபிரேம் நேரம் மிச்சம். புளூடூத் ஹெட்போனில் ஒலி 100 மில்லிவிநாடிக்கு மேல் பிந்தி வருவது சாதாரணம். துப்பாக்கிச் சத்தம் தாமதமாக வருகிறதே என்று கிளவுடைக் குறை சொல்பவர்கள், முதலில் வயர் ஹெட்போன் போட்டுப் பார்க்கட்டும்.

மொபைல் டேட்டாவில் ஆடலாமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கே பதில். 25 எம்பிபிஎஸ் ஓட்டம் ஒரு மணி நேரத்துக்கு 11.25 ஜிபி தின்னும். 15 எம்பிபிஎஸ் என்றால் 6.75 ஜிபி. ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் பிரீபெய்டு திட்டம், குறைந்த தரத்திலேயே 18 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மாதம் 3,300 ஜிபி வரம்புள்ள பைபர் திட்டத்தில் 1080பி தரத்தில் 290 மணி நேரத்துக்கு மேல் ஆடலாம், அங்கே கவலையில்லை. 5ஜி அலை வழியே வீட்டுக்கு வரும் ஏர்ஃபைபர் வகை இணைப்புகளில் வரம்பு 1,000 ஜிபி அளவில் இருக்கும். அதை விடப் பெரிய சிக்கல், செல்போன் கோபுரத்தின் நெரிசலுக்கேற்ப மாலையில் பிங் ஏறி இறங்குவது.

படத் தரத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1080பி படம் 60 ஃபிரேமில், சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 3,000 மெகாபிட். அதை 25க்குள் அடக்குகிறார்கள், அதாவது 120இல் ஒரு பங்கு. அசையாத சுவரும் வானமும் இந்தச் சுருக்கத்தைத் தாங்கும். மழை, புல்வெளி, புகை, இருட்டுக் குகை இவை தாங்காது. புல் முழுவதும் பச்சைப் பாசியாகக் குழைந்துபோகும், இருட்டில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நிறத் தகவலைக் கால்பங்காகக் குறைத்தே பெரும்பாலும் அனுப்புவதால், சிவப்பில் எழுதிய பொடி எழுத்துகள் மங்கித் தெரியும். கையடக்கத் திரையில் இது கண்ணுக்குப் படாது. 55 அங்குல டிவியில் நன்றாகவே படும்.

இத்தனை தொழில்நுட்பமும் சரியாக அமைந்தாலும், என்னை அதிகம் கவலைப்பட வைப்பது உடைமை. ஆன்லைவ் என்ற கிளவுட் கேம் சேவை 2010இல் அமெரிக்காவில் தொடங்கி 2015 ஏப்ரலில் மூடப்பட்டது. கூகுள், ஸ்டேடியா என்ற தன் கிளவுட் கேம் சேவையை 2019 நவம்பரில் 14 நாடுகளில் திறந்து, 2023 ஜனவரி 18 அன்று மூடியது. மூடும்போது தன் கடையில் வாங்கிய கன்ட்ரோலருக்கும் கேம்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, கன்ட்ரோலரைப் புளூடூத்தில் இயங்கும்படி மாற்றியும் தந்தது. இது பாராட்டப்பட வேண்டியது. ஆனால் எல்லா நிறுவனமும் கூகுள் அளவு பணம் வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. சேவை நிலைத்திருந்தாலும் கேம் நிலைத்திருக்கும் என்று உறுதியில்லை. ஜிஃபோர்ஸ் நவ் 2020 பிப்ரவரியில் முழுதாகத் திறந்த அதே மாதத்தில் ஆக்டிவிஷன் பிளிசார்ட், பெதஸ்டா என்ற கேம் நிறுவனங்கள் தங்கள் கேம்களை அதிலிருந்து எடுத்துக்கொண்டன. விலையும் அப்படித்தான். கிளவுட் கேமிங்கும் அடங்கிய எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் மாதச் சந்தா 2025 அக்டோபரில் அமெரிக்காவில் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராகவும், இந்தியாவில் 829 ரூபாயிலிருந்து 1,389 ரூபாயாகவும் ஒரே இரவில் ஏறியது. அந்த விலையில் 36 மாதம் கட்டினால் 50,004 ரூபாய். ப்ளேஸ்டேஷன் 5 ஸ்லிம், டிஸ்க் போடும் வகை, 2024 ஏப்ரலில் இங்கே வந்தபோது 54,990 ரூபாய். சந்தாவில் நூற்றுக்கணக்கான கேம்கள் சேர்ந்தே வருவது உண்மை. கன்சோலுக்குக் கேம் தனியாக வாங்க வேண்டும், புது டிஸ்க் நாலாயிரம், ஐயாயிரம் ஆகும். ஆனால் டிஸ்க்கை ஆடி முடித்துச் சென்னை ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ பாதி விலைக்காவது கொடுக்கலாம், நண்பனுக்கு இரவல் தரலாம். கன்சோலையே மூன்று வருடம் கழித்து விற்றாலும் ஒரு தொகை திரும்பும். 36 மாதச் சந்தாவில் திரும்புவது எதுவுமில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று கேம் மட்டும் ஆடுகிறவருக்குக் கன்சோலே மலிவு. மாதம் ஒரு புது கேமைத் தொட்டுப் பார்க்கிறவருக்குச் சந்தா மலிவு.

சோனி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டு யூடியூபர்கள் சொல்லும் ப்ளேஸ்டேஷன் பிளஸ் பிரீமியம் சந்தா இந்தியாவில் விற்கப்படுவதில்லை. அதற்குப் பதில் இங்கே உள்ளது டீலக்ஸ், அதில் கிளவுட் ஸ்ட்ரீமிங் கிடையாது. கிளவுடை நம்பி யாரும் ப்ளேஸ்டேஷன் போர்ட்டல் என்ற கையடக்கக் கருவியை வாங்கிவிட வேண்டாம். வீட்டில் ப்ளேஸ்டேஷன் 5 இருந்தால்தான் அந்தக் கருவி இங்கே பயன்படும்.

கிளவுடுக்குச் சாதகமான ஒன்றை யாரும் பேசுவதில்லை. மின்வெட்டில், 400 வாட் இழுக்கும் கேமிங் கம்ப்யூட்டரைச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அதிக நேரம் தாங்காது. மோடமும் ரவுட்டரும் 12 வோல்ட்டில் ஒன்று அல்லது இரண்டு ஆம்பியர் மட்டுமே கேட்கும். அவற்றுக்குக் கையளவு மினி யூபிஎஸ் ஒன்று போட்டு, லேப்டாப்பில் ஆடினால், தெருமுனை இணைப்புப் பெட்டிக்கும் பேட்டரி இருக்கும்பட்சத்தில் ஆட்டம் நிற்காது. கோடையில் அறையைச் சூடாக்குவதும் இல்லை, விசிறிச் சத்தமும் இல்லை. சாதாரண லேப்டாப் மட்டும் வைத்திருக்கும் மாணவனுக்கு இது பெரிய வசதி.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. வீட்டில் ஏற்கெனவே ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால், அதில் சன்ஷைன், டிவியிலோ போனிலோ மூன்லைட் என்ற இலவசச் செயலிகளைப் போட்டு, உங்கள் கம்ப்யூட்டரையே வீட்டுக்குள் கிளவுடாக மாற்றிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரை ரவுட்டரோடு கேபிளில் இணைப்பது அவசியம். பாக்கெட் வீட்டைத் தாண்டுவதில்லை என்பதால் கூடுதல் தாமதம் ஒரு ஃபிரேம் அளவில் நின்றுவிடும். சந்தா இல்லை, டேட்டா செலவு இல்லை, வாங்கிய கேமும், அதில் ரசிகர்கள் செய்யும் மாற்றங்களான 'மோட்'களும் அப்படியே இருக்கும்.

தங்கள் நாளிதழ் வழியே இரண்டு கோரிக்கைகள். கிளவுட் சேவை விற்பவர்கள், பணம் வாங்கும் முன்பே வாடிக்கையாளரின் இணைப்பில் பிங்கையும் பாக்கெட் இழப்பையும் அளந்து காட்ட வேண்டும். மாலையில் அளக்க வேண்டும், எண்ணை மறைக்காமல் காட்ட வேண்டும். இணைய நிறுவனங்கள் தங்கள் திட்டப் பட்டியலில் எம்பிபிஎஸ் எண்ணுக்குப் பக்கத்திலேயே இரவு 9 மணிக்குச் சென்னைக்கும் மும்பைக்கும் ஆகும் தாமதத்தை மாவட்டவாரியாக அச்சிட வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024இல் வெளியிட்ட சேவைத்தர விதிகளில் தாமதமும் ஓர் அளவுகோலாக இருக்கிறது. அளப்பது ஏற்கெனவே கடமை, ஆகவே அளந்ததை வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் போடுவதற்குப் புதிதாக எந்தச் செலவும் ஆகாது.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
மதுரை